பத்து நாள் போன பிறகு: மியூனிக்கில் ஒரு காப்புரிமை வக்கீல் அலுவலக மேசையிலிருந்து

2024 மார்ச் 12ஆம் தேதி காலை, அந்த வாரத்துக் கெடுப்பட்டியலை வழக்கம்போல ஒருமுறை கையால் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மார்ச் 18 என்று எழுதியிருந்த ஒரு வரியில் என் விரல் நின்றுவிட்டது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2023 நவம்பர் 7ஆம் தேதியிட்டு அனுப்பிய ஆய்வுக் கடிதத்துக்கு நான்கு மாதங்களில் பதில் தர வேண்டும். பல்லாண்டுகளாக நாங்கள் பழகிய கணக்கின்படி, கடிதத் தேதியோடு பத்து நாள் கூட்டி, நவம்பர் 17இல் கடிதம் கையில் கிடைத்ததாகக் கொண்டு, அதிலிருந்து நான்கு மாதம் எண்ணினால் மார்ச் 17 வரும். அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் மறுநாள் திங்கள். கணக்கில் பிழையே இல்லை. ஆனால் அந்தப் பத்து நாள் விதி 2023 நவம்பர் 1ஆம் தேதியோடு போய்விட்டது. உண்மையான கெடு மார்ச் 7, வியாழக்கிழமை. அதாவது, விண்ணப்பம் ஐந்து நாளுக்கு முன்பே கைவிடப்பட்டதாகக் கருதப்படும் நிலைக்குப் போயிருந்தது.

கணினி நிரலைப் புதுப்பித்திருந்தோம், சுற்றறிக்கை படித்திருந்தோம், பயிற்சிக் கூட்டத்துக்கே நான்தான் போய் வந்திருந்தேன். என்றாலும் அந்தக் கடிதத்தைப் பதிவு செய்தவர், நிரல் காட்டிய தேதி தவறு என்று நினைத்து, நல்ல எண்ணத்தோடு கையால் பத்து நாளைச் சேர்த்துவிட்டார். ஐரோப்பிய முறையில் இப்படித் தவறிய கெடுவுக்குப் பெரும்பாலும் ஒரு வழி உண்டு: விட்டுப்போன பதிலையும் கொடுத்து, அதற்கென ஒரு கட்டணத்தையும் கட்டினால் விண்ணப்பம் மீண்டும் நடப்புக்கு வரும். அன்று மாலைக்குள் வக்கீல் பதிலை முடித்தார், சில நூறு யூரோ கட்டணத்தை எங்கள் அலுவலகமே ஏற்றுக்கொண்டது, வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொன்னோம். விண்ணப்பம் பிழைத்தது. ஆனால் அந்த ஒரு வரி எனக்கு இந்தத் தொழிலின் முழு இயல்பையும் காட்டியது. ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டத்தில் வரும் மாற்றங்கள் செலவைக் கூட்டுகின்றனவா குறைக்கின்றனவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அவை செலவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றி வைக்கின்றன, பழைய அறையிலேயே தேடிக்கொண்டிருப்பவர் இரண்டு அறைக்கும் வாடகை கொடுக்கிறார்.

2007ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் இங்கே ஒரு காப்புரிமை வக்கீல் அலுவலகத்தில் சேர்ந்தேன். வக்கீல்கள் கண்டுபிடிப்பைப் பற்றி வாதாடுவார்கள். நாங்கள் நான்கு பேர் தேதிகளையும் கட்டணங்களையும் படிவங்களையும் பார்த்துக்கொள்வோம். ஜெர்மனியில் இது மூன்றாண்டு பயின்று தேர்வு எழுதிச் செய்கிற தனித் தொழில். ஈசார் ஆற்றங்கரையில் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும், அதற்குச் சற்றுத் தள்ளி ஜெர்மன் காப்புரிமை அலுவலகமும் இருப்பதால், நகரத்தின் இந்தப் பகுதியில் காபிக் கடையில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து மேசையில் யாராவது கெடுவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் சேர்ந்த சில வாரங்களில், டிசம்பர் 13ஆம் தேதி, 1973இல் கையெழுத்தான ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் திருத்தப்பட்ட வடிவம் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நான் பழைய விதிகளைக் கற்று முடிப்பதற்குள்ளேயே புதியவற்றைக் கற்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து இந்த வேலை அப்படித்தான் போகிறது.

முதலில் கண்ணில் பட்டது உரிமைக்கோரல்களுக்கான கட்டணம். கண்டுபிடிப்பில் எது தனக்கு உரியது என்று விண்ணப்பதாரர் எண்ணிட்டு எழுதும் வாசகங்களையே உரிமைக்கோரல்கள் என்கிறோம். 2008 ஏப்ரலுக்கு முன்பு, பதினொன்றாவது உரிமைக்கோரலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 45 யூரோ. அறுபது உரிமைக்கோரல்களோடு ஓர் அமெரிக்க விண்ணப்பம் வந்தால் 2,250 யூரோ ஆகும்; யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 2008 ஏப்ரல் 1 முதல் பதினாறாவதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் 200 யூரோ ஆனது. அதே அறுபதுக்கு 9,000. மறு ஆண்டு ஐம்பத்தொன்றாவதிலிருந்து 500 என்று இன்னொரு படி வைத்தார்கள், 12,000 ஆயிற்று. 2024 ஏப்ரல் முதல் 275, 685 என்று இருந்த வீதப்படி கணக்கிட்டால் 16,475 யூரோ. கண்டுபிடிப்பு மாறவில்லை, பக்கத்தில் எண்கள்தாம் அதிகம்.

இதில் கற்றது இரண்டு. அமெரிக்காவைப் போலன்றி, ஒரு சார்பு உரிமைக்கோரல் முந்தைய பலவற்றையும் ஒருசேரச் சார்ந்திருக்கலாம் என்பதை ஐரோப்பிய முறை கூடுதல் கட்டணமின்றி அனுமதிக்கிறது. ஆகவே அறுபதைப் பதினைந்தாகச் சுருக்குவதால் பெரும்பாலும் பாதுகாப்பு குறைவதில்லை. இரண்டாவது, பிசிடி எனும் பன்னாட்டுக் காப்புரிமை ஒப்பந்தம் வழியாக வரும் விண்ணப்பத்தில், ஐரோப்பாவில் நுழைந்த பிறகு வரும் கடிதம் தருகிற ஆறு மாத அவகாசத்துக்குள் திருத்திய உரிமைக்கோரல்களைக் கொடுத்துவிட்டால், கட்டணம் திருத்திய எண்ணிக்கைக்கே கணக்கிடப்படும். எங்களிடம் வந்த ஒரு வாடிக்கையாளர், நுழையும் நாளிலேயே எல்லாவற்றுக்கும் கட்டிவிடச் சொன்னார், “சுத்தமாக முடித்துவிடலாம்” என்று. அந்த ஆறு மாத அவகாசம் முடிந்த பிறகு அவரே முப்பதை நீக்கச் சொன்னார். கையை விட்டுப் போகும் வரை அந்தப் பணத்துக்கு அவசரமே இருக்கவில்லை.

பக்கக் கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2009 முதல் முப்பத்தாறாவது பக்கத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் 12 யூரோ; 2024இல் 17. நூற்றிருபது பக்க விவரணைக்கு 1,445 யூரோ வெறும் தாளுக்காகப் போயிற்று. விதி அனுமதிக்கும் குறைந்தபட்ச ஓரம், ஒன்றரை வரி இடைவெளி ஆகியவற்றை முதல் விண்ணப்பத்திலேயே கடைப்பிடித்தால் இருபது பக்கம் குறையும். பன்னாட்டு விண்ணப்பம் வெளியான பிறகு எழுத்தைச் சிறிதாக்கிப் பயனில்லை, ஏனென்றால் எண்ணப்படுவது வெளியான பக்கங்கள்.

மொழிபெயர்ப்பு விஷயம் வேறு. 2008 மே 1ஆம் தேதி லண்டன் உடன்பாடு நடைமுறைக்கு வந்ததற்கு முன்பு, காப்புரிமை வழங்கப்பட்டதும் எங்கள் அலுவலகத்தில் ஒரு மூலையில் மொழிபெயர்ப்புக் கட்டுகள் குவியும். ஒவ்வொரு நாட்டுக்கும் முழு விவரணையும் அந்நாட்டு மொழியில் வேண்டும். உடன்பாட்டுக்குப் பின் ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன், சுவிட்சர்லாந்து ஆகியவை மொழிபெயர்ப்பே வேண்டாம் என்றன. நெதர்லாந்து, ஸ்வீடன் போன்றவை உரிமைக்கோரல்களை மட்டும் தம் மொழியில் கேட்டன. இத்தாலி, ஸ்பெயின், போலந்து, ஆஸ்திரியா பழைய வழியிலேயே நின்றன. சட்டத் திருத்தத்தால் செலவு உண்மையாகவே குறைந்ததை நான் முதன்முதலாகக் கண்ணால் கண்டது அப்போதுதான். ஆனால் அப்போதும் பல வாடிக்கையாளர்கள், மிச்சமான தொகையைக் கொண்டு இன்னும் இரண்டு நாடுகளைச் சேர்த்துக்கொண்டார்கள்; அந்த நாடுகளின் ஆண்டுக் கட்டணம் பதினைந்து ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வரும் என்பதை அப்போது யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பிரிவு விண்ணப்பங்கள் பற்றி ஒரு சிறு கதை. தாய் விண்ணப்பத்திலிருந்து ஒரு பகுதியைப் பிரித்துத் தனி விண்ணப்பமாக்குவதற்கு, 2010 ஏப்ரல் முதல் இருபத்து நான்கு மாதக் கெடு ஒன்றை வைத்தார்கள். ஏற்கெனவே காலம் கடந்தவர்களுக்கு 2010 அக்டோபர் 1 வரை இடைக்கால அவகாசம் கிடைத்தது. அந்தச் செப்டம்பரின் கடைசி வாரத்தில் நாங்கள் இரவு பத்து மணிக்கு முன் வீடு போகவில்லை; இருக்கிறதோ இல்லையோ பிரித்து வைத்துவிடுவோம் என்று எல்லோரும் பிரித்தார்கள். 2014 ஏப்ரல் 1இல் அந்தக் கெடுவையே எடுத்துவிட்டு, பிரிவிலிருந்து மீண்டும் பிரிக்கும் இரண்டாம் தலைமுறை முதல் கூடுதல் கட்டணம் என்று மாற்றினார்கள். 2010இல் பயத்தில் பிரித்தவற்றில் பாதியை, கட்டிய பணத்தோடு, அதற்குள் கைவிட்டிருந்தோம்.

பிரிவு விண்ணப்பத்தில் பலர் மறக்கும் செலவு ஒன்று உண்டு: அது தாய் விண்ணப்பத்தின் பிறந்த தேதியையே பெறுகிறது, ஆகவே கடந்துபோன ஆண்டுகளின் கட்டணங்களும் பிரித்த அன்றே பாக்கியாகின்றன, நான்கு மாதத்துக்குள் அபராதமின்றிக் கட்டலாம். 2024 வீதத்தில் மூன்றாம் ஆண்டுக்கு 690, நான்காவதுக்கு 845, ஐந்தாவதுக்கு 1,000, ஆறாவதுக்கு 1,155, ஏழாவதுக்கு 1,310. ஏழாம் ஆண்டில் பிரித்தால், தாக்கல், இதுபோன்றது முன்பே உண்டா என்று பார்க்கும் தேடல், ஆய்வு எதுவும் சேர்க்காமலேயே 5,000 யூரோ. தாய் விண்ணப்பம் உயிரோடு இருக்கும் வரைதான், அதாவது காப்புரிமை வழங்கிய அறிவிப்பு வெளியாவதற்கு முந்தைய நாள் வரைதான் பிரிக்க முடியும் என்பதால், பலரும் கடைசி வாரத்தில் முடிவெடுக்கிறார்கள். அதாவது, கட்டணம் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் வாரத்தில்.

இனி 2023. ஜூன் 1ஆம் தேதி யூனிட்டரி பேட்டன்ட்டும் ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றமும் நடைமுறைக்கு வந்தன. தொடக்கத்தில் பதினேழு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள். 2024 செப்டம்பரில் ருமேனியாவும் சேர்ந்தது. காப்புரிமை வழங்கிய அறிவிப்பு வெளியான ஒரு மாதத்துக்குள் கேட்டால், அந்த நாடுகள் அனைத்துக்கும் ஒரே காப்புரிமை, ஒரே ஆண்டுக் கட்டணம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை. நாளேடுகள் இதை ஏழைக் கண்டுபிடிப்பாளரின் விடுதலையாக எழுதின. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

2023இன் அட்டவணைப்படி, இரண்டாம் ஆண்டுக்கு 35 யூரோவில் தொடங்கும் யூனிட்டரி பேட்டன்ட்டின் ஆண்டுக் கட்டணம், பத்தாம் ஆண்டு வரை மொத்தம் 4,685 யூரோ ஆகிறது. இருபதாம் ஆண்டுக்கு மட்டும் 4,855. அதிகம் பேர் தேர்ந்தெடுத்த நான்கு நாடுகளில் தனித்தனியாகக் கட்டினால் என்ன ஆகுமோ அதற்குச் சமமாக இந்த அட்டவணையை அமைத்திருக்கிறார்கள். ஆகவே நான்கைந்து நாடுகளுக்கு மேல் பாதுகாப்பு வேண்டியவருக்கு இது மலிவு. ஜெர்மனியும் பிரான்சும் மட்டும் போதும் என்பவருக்கு, நீண்ட காலத்தில் இது விலை உயர்ந்தது. இன்னொன்றையும் சேர்த்து எண்ண வேண்டும்: பழைய முறையில் பன்னிரண்டாம் ஆண்டில் விற்பனை சரிந்தால் நாடுகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டே போகலாம், கடைசியில் ஜெர்மனியை மட்டும் வைத்திருக்கலாம். யூனிட்டரியில் எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. பிரிட்டன், ஸ்பெயின், போலந்து, சுவிட்சர்லாந்து இதில் இல்லை. அவற்றுக்குத் தனியாகத்தான் போக வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் அலுவலகத்தின் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பவேரியக் குடும்ப நிறுவனத்துக்கு, காப்புரிமை வழங்கவிருக்கும் வாசகத்தோடு 2022 நவம்பரில் கடிதம் வந்தது. ஒப்புதல் தர நான்கு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. 2023 ஜனவரி முதல், வழங்கும் அறிவிப்பைப் புதிய முறை தொடங்கும்வரை தள்ளி வைக்கும்படி கேட்கலாம் என்ற ஏற்பாடு வரவிருந்தது. ஆனால் ஒப்புதல் கொடுக்கும் முன்பு கேட்டால்தான் செல்லும். நாங்கள் சுறுசுறுப்பானவர்கள் அல்லவா? டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒப்புதல் வாங்கி அனுப்பிவிட்டோம். மார்ச்சில் காப்புரிமை கிடைத்தது. ஏழு நாடுகளில் தனித்தனியாகப் பதிய வேண்டியிருந்தது. இத்தாலியத்திலும் இன்னும் இரண்டு மொழிகளிலும் முழு மொழிபெயர்ப்பு. அந்த நிறுவனத்தின் முதலாளி கோபப்படவில்லை, “உங்களுக்குக் கூடவா தெரியவில்லை?” என்று மட்டும் கேட்டார். அன்று முதல் எங்கள் கெடுப்பேரேட்டில், கடைசித் தேதிக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டிருக்கிறோம்: “இந்த நாளுக்கு முன் செய்ய வேண்டாம்.” கெடுவைத் தவறவிடுவது போலவே, கெடுவுக்கு மிக முன்னே ஓடுவதும் பணம் தின்னும் என்பதை அதற்கு முன் யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

நல்ல பக்கமும் உண்டு. யூனிட்டரி பேட்டன்ட் கேட்கும்போது, குறைந்தது ஆறாண்டு நீளும் இடைக்காலத்தில் ஒரே ஒரு மொழிபெயர்ப்புப் போதும். நடைமுறை மொழி ஜெர்மனோ பிரெஞ்சோ என்றால் ஆங்கிலத்தில். ஆங்கிலம் என்றால் ஒன்றியத்தின் வேறு ஏதாவது ஓர் அலுவல் மொழியில். சட்டப்படி அந்த மொழிபெயர்ப்புக்கு வலு இல்லை, வெறும் தகவலுக்குத்தான். ஆங்கிலத்தில் விண்ணப்பித்த ஸ்வீடன் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஸ்பெயினிலும் பாதுகாப்பு வேண்டியிருந்தது. ஸ்பெயினுக்கு எப்படியும் முழு மொழிபெயர்ப்புத் தேவை. அதையே யூனிட்டரிக்கும் கொடுத்தோம். ஒரே செலவில் இரண்டு வேலை. மூன்று ஆண்டுக்கு முன்பு இதே வாடிக்கையாளர் மொழிபெயர்ப்புக்கு மட்டும் கொடுத்த தொகையை நான் கோப்பில் எடுத்துப் பார்த்தபோது, இந்த முறை அதில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

புதிய நீதிமன்றத்திலிருந்து பழைய காப்புரிமைகளை விலக்கி வைப்பது தனி வேலையாக வந்தது. 2023 மார்ச் முதல் மே முடிய மூன்று மாதம் முன்பதிவுக் காலம். விலகலுக்குக் கட்டணம் கிடையாது; ஆனால் கட்டணம் இல்லாத வேலை எல்லாம் செலவில்லாத வேலை அல்ல. விலகல் மனுவை உண்மையான உரிமையாளர் அனைவரும், எல்லா நாட்டுப் பகுதிகளுக்கும் சேர்ந்து கொடுக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் கோப்பில் இத்தாலியப் பகுதி மட்டும் எட்டு ஆண்டுக்கு முன் துணை நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டிருந்தது. அந்தப் பத்திரம் ஒரு பழைய அட்டைப்பெட்டியில் இருந்தது. அதைக் கவனிக்காமல் தாய் நிறுவனத்தின் பெயரில் மட்டும் கொடுத்திருந்தால் விலகல் செல்லாது. எதிராளி அப்போதைய 20,000 யூரோ கட்டணத்தைக் கட்டி, அந்த நீதிமன்றத்தில் சேர்ந்த எல்லா நாட்டுப் பகுதிகளையும் ஒரே வழக்கில் ரத்து செய்யக் கேட்கலாம், அப்படி வழக்கு வந்த பிறகு விலகவும் முடியாது. நாற்பது காப்புரிமைகளின் உரிமைத் தொடரைத் தேடி முடிக்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரத்துக்கும் வாடிக்கையாளருக்குக் கட்டணப் பட்டியல் போனது.

2024 ஏப்ரல் 1 ஒரே நாளில் இரு கையாலும் வேலை செய்தது. ஒரு கை எடுத்தது: மூன்றாம் ஆண்டுக் கட்டணம் 530இலிருந்து 690 யூரோவாகவும், நான்காம் ஆண்டுக் கட்டணம் 660இலிருந்து 845ஆகவும் ஏறின. மற்றவை நான்கு விழுக்காடு போல ஏறியபோது, இவை மட்டும் முப்பது விழுக்காட்டை ஒட்டி ஏறியதற்குக் காரணம் எளிது: அந்த ஆண்டுகளில் இன்னும் கைவிடாத விண்ணப்பங்கள்தாம் மிக அதிகம். மூன்றாம் ஆண்டுக் கட்டணத்தை உரிய நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தும், மற்றவற்றை மூன்று மாதம் முன்பிருந்தும் கட்டலாம். கட்டும் நாளில் உள்ள வீதமே செல்லும். ஆகவே அந்த மார்ச்சில் செப்டம்பர் வரைக்குமான மூன்றாம் ஆண்டுக் கட்டணங்களையெல்லாம் பழைய வீதத்தில் கட்டி முடித்தோம். விண்ணப்பத்துக்கு 160 யூரோ மிச்சம். சிறு தொகைதான், ஆனால் முப்பது விண்ணப்பம் வைத்திருப்பவருக்கு அது ஒரு புது விண்ணப்பத்தின் நுழைவுச் செலவு.

இன்னொரு கை கொடுத்தது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் குறு நிறுவனங்கள், தனி நபர்கள், பல்கலைக்கழகங்கள், பொது ஆய்வு நிறுவனங்கள், இலாப நோக்கற்ற அமைப்புகள் ஆகியோருக்கு முக்கியக் கட்டணங்களில் 30 விழுக்காடு தள்ளுபடி. முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஐந்துக்கும் குறைவான ஐரோப்பிய விண்ணப்பங்களே கொடுத்திருக்க வேண்டும். பழைய 30 விழுக்காட்டுச் சலுகை உடன்படிக்கை நாடுகளைச் சேர்ந்தவர்களுக்கு, அதுவும் அவர்கள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் அல்லாத தம் நாட்டு மொழியில் எழுதினால் மட்டும் கிடைத்தது. இந்தியாவிலிருந்து வருபவருக்கு ஒரு காசு கிடையாது. புதியது விண்ணப்பதாரர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. என் பதினாறு ஆண்டு வேலையில், ஐரோப்பியக் கட்டண விதி ஒன்று கோயம்புத்தூர்ப் பட்டறைக்காரர் ஒருவருக்கு நேராகப் பயன்பட்டதை அப்போதுதான் பார்த்தேன்.

அவர் நீர் ஏற்று பம்புகளுக்கு ஓர் அடைப்பு வளையம் வடிவமைத்தவர். பட்டறையில் அவரோடு மூன்று பேர். பிசிடி விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதியிலிருந்து, அதாவது முதல் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்து, ஐரோப்பாவில் நுழைய இருந்த முப்பத்தொரு மாத அவகாசம் 2024 மே மாதத்தில் முடியவிருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவர் இங்கே பதிவு பெற்ற வக்கீல் வழியாகவே மேற்கொண்டு நடத்த வேண்டும். அப்படித் தேடியபோது எங்கள் அலுவலகத்தில் தமிழ் பேசுகிற ஒருத்தி இருப்பது தெரிந்து தொலைபேசியில் அழைத்தார். “ஏனுங்க அம்மணி, மொத்தம் எவ்வளவு ஆகும்னு ஒரே தொகையாச் சொல்லுங்க” என்றார். ஒரே தொகையாகச் சொல்ல முடியாத இடம் இது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

தாக்கல் 135, கூடுதல் தேடல் 1,520, ஆய்வு 1,915, நாடுகளைக் குறிப்பிடும் கட்டணம் 685, அக்டோபரில் மூன்றாம் ஆண்டுக்கு 690. மொத்தம் 4,945 யூரோ. தள்ளுபடிக்குப் பின் ஏறத்தாழ 3,460. பதினெட்டு உரிமைக்கோரல்களைப் பதினைந்தாக்கியதில் இன்னும் 825 மிச்சம். ஆனால் இரண்டு இடங்களில் சிக்கல். பன்னாட்டுத் தேடலை அவர் இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் செய்திருந்தார்; அங்கே கட்டணம் மலிவு, ஆகவே யாரும் அப்படித்தான் செய்வார்கள். ஐரோப்பிய அலுவலகத்தையே தேடலுக்குத் தேர்ந்தெடுத்திருந்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியத் தனிநபர் என்ற முறையில் தேடல் கட்டணத்தில் நான்கில் ஒரு பங்கு கட்டினால் போதும். இங்கே நுழையும்போது 1,520 யூரோ கூடுதல் தேடலும் இருக்காது, ஆய்வுக் கட்டணம் மட்டும் 220 யூரோ கூடும். இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய கணக்கு. முப்பத்தொராம் மாதத்தில் தெரிந்து பயனில்லை. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, ஏனென்றால் இது ஒரே பக்கத்தில் எங்கும் எழுதியிருப்பதில்லை.

இரண்டாவது, தன் மைத்துனரின் தொழிற்சாலையைப் பாதிப் பங்குக்கு விண்ணப்பத்தில் சேர்க்க நினைத்திருந்தார். அங்கே அறுபது பேர் வேலை செய்கிறார்கள். கூட்டு விண்ணப்பதாரர்களில் ஒருவர் தகுதியில்லாதவர் என்றாலும் தள்ளுபடி போய்விடும். தகுதி இருப்பதாகப் பொய்யாகச் சொன்னால், குறைவாகக் கட்டியதாகக் கொண்டு விண்ணப்பமே கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம். வக்கீல் இதைத் தெளிவாகச் சொன்னார்: பங்கு கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் கொடுத்த நாளிலிருந்து வரும் கட்டணங்கள் முழுமையாக வரும். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கூட்டுச் சேர்வதைக் காப்புரிமை கிடைத்த பின் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். தள்ளுபடிக்கான உறுதிமொழியைக் கட்டணம் கட்டும்போதோ அதற்கு முன்போ கொடுத்துவிட வேண்டும். அதை நானே படிவத்தில் குறியிட்டு, அவருக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பினேன்.

எங்கள் அலுவலகத்தின் கட்டணம் இவற்றில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய மொத்தச் செலவில் பெரிய பகுதி அதுதான். எந்தச் சட்டத் திருத்தமும் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை. விதி மாறும்தோறும், மாறிய விதியைப் படிக்கும் நேரமும் அதில்தான் ஏறுகிறது.

கூடுதல் தேடல் அறிக்கைக்குப் பின், மேற்கொண்டு நடத்த விருப்பமா என்று கேட்டும், குறைகளுக்குப் பதில் கேட்டும் வந்த கடிதத்தில் 2025 பிப்ரவரி 10 என்று தேதி இருந்தது. ஆறு மாத அவகாசம். அன்றே அவருக்குத் தெரிவித்தேன். எங்கோ ஒரு பழைய வழிகாட்டியைப் படித்திருந்தார் போலும். “தபால்ல வர்றதுக்குன்னு பத்து நாள் சேர்த்துக்கலாமுங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன், இப்போது கடிதம் உண்மையிலேயே ஏழு நாளுக்கு மேல் தாமதமாகக் கிடைத்தால் மட்டும், ஏழுக்கு மேற்பட்ட அந்த நாள்கள் சேரும், ஆனால் எங்களுக்கு இது மின்னணு அஞ்சல் பெட்டிக்கே அன்றே வந்துவிட்டது என்று விளக்கினேன். பிறகு நாள்காட்டியைப் புரட்டினேன். ஆகஸ்ட் 10 ஞாயிற்றுக்கிழமை. பேரேட்டில் ஆகஸ்ட் 11, திங்கள் என்று எழுதி, அருகில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டு, ஒரு நாள் மட்டும் கிடைத்திருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.